காதில் விழாத சாவு

முழங்கால் வரைக்கும் மணல் மூடியாயிற்று. தொடை வரை மூட வேண்டும், அப்போதுதான் சூடு நரம்பில் இறங்கும் என்று கடற்கரையில் டீ விற்கிற ஜெயக்கொடி சொல்லியிருந்தாள். தாமரைச்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈர மணலை இரண்டு கையாலும் வாரிப் புருசனின் வலது காலின் மேல் அப்பினாள். அழகுபாண்டி கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். யாருடைய காலையோ யாரோ மூடுகிறார்கள் என்பது போல இருந்தது அவன் முகம். பக்கத்தில் ஆஸ்பத்திரியில் கொடுத்த நாலுகால் கம்பு நின்றது. திருச்செந்தூருக்கு வந்த மற்ற சனமெல்லாம் அலையில் விழுந்து எழுந்து கத்திக்கொண்டிருந்தது. குதிரைக்காரன் ஒரு சின்னப் பெண்ணை ஏற்றிக்கொண்டு போனான். கிளிஞ்சல் மாலை விற்கிறவள் இவர்களைப் பார்த்தாள், பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டு ஒதுங்கிப் போனாள். அந்த ஒதுங்கல்தான் தாமரைச்செல்விக்கு ஆகாது. பாவம் பார்க்கிறவர்களைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தைப்பொங்கல் முடிந்த கையோடு விழுந்தவன். அவனியாபுரத்திலிருந்து பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தவனுக்கு வண்டியிலேயே வாய் கோணியது. வண்டியை ஓரங்கட்டிவிட்டுத்தான் சாய்ந்தான், ஏறியிருந்தவர்களுக்கு ஒரு கீறல் இல்லை. அதற்கப்புறம் ஊரில் வைத்தியம் தெரியாதவரே இல்லை என்றாகிவிட்டது. ஒருவர் ஆனையூரில் எண்ணெய் போடுகிறார்கள் என்றார். இன்னொருத்தி புறா ரத்தம் என்றாள். எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள், புறா ரத்தம் உட்பட. ஆஸ்பத்திரியில் கை கால் நீட்டி மடக்கப் பழக்கும் பெண் மட்டும் நாசூக்காக, "வர்றதெல்லாம் மொத வருசத்துக்குள்ள வந்துரணும்க்கா. அதுக்கப்பறம் இருக்கிறதுதான்" என்றாள். தாமரைச்செல்வி அன்றிலிருந்து காலண்டரில் நாளை எண்ணிக்கொண்டே வந்தாள். இப்போது கார்த்திகை பாதி போய்விட்டது.

திருச்செந்தூரில் என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரியாத மதுரைக்காரர் கிடையாது. மூன்று நாள் தங்க வேண்டும். காலையில் கடலில் முங்க வேண்டும். உப்புப் போக நாழிக்கிணற்றில் குளிக்க வேண்டும். மூன்றாம் நாள் சன்னதி. வரும்போது கருப்பட்டி வாங்கி வர வேண்டும். இதில் அவளாகச் சேர்த்துக்கொண்டது ஒன்று உண்டு. இவரை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வர மாட்டேன், காலால் நடத்திக் கூட்டி வருகிறேன், நீ மிச்சத்தைப் பார்த்துக்கொள் என்று முருகனிடம் பேசி வைத்திருந்தாள். தன் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாலும் நடைதான் என்பது அவள் கணக்கு. நேற்று ஒன்று நடந்தது. மூடிய மணல் பெருவிரல் இருக்கும் இடத்தில் லேசாக வெடித்தது. ஜெயக்கொடியும் குனிந்து பார்த்துவிட்டு, "அசையுதுளா" என்றாள். ராத்திரி முழுக்க தாமரைச்செல்வி தூங்கவில்லை. இன்றைக்கு மூன்றாம் நாள்.

இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது. கொழுந்தன் அசோக்குமார். புருசனுக்குப் பேச்சு குழறுவதால் அவனுக்கு வருகிற போனெல்லாம் அவளுக்குத்தான் வரும். மணல் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நாலு எட்டுத் தள்ளிப் போய் எடுத்தாள்.

"மதினி, அண்ணே பக்கத்துல இருக்காரா?"

"இங்கனதான். என்னப்பா?"

"பெரியப்பா போயிட்டாரு மதினி. காலைல டீயக் குடிச்சிட்டு உக்காந்தவரு அப்பிடியே சாஞ்சிட்டாரு. அண்ணன் வந்தாத்தான் எடுக்கணும். ஒரு கார் புடிச்சு உடனே வந்துருங்க."

அவள் "ம்" என்றாள்.

தவசி பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. அழகுபாண்டியின் அப்பா சீக்கிரம் போய்விட்டதால் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் கீழக்குயில்குடியில் வைத்து ஆளாக்கியவர் அவர்தான். எனக்குக் கொள்ளி மூத்தவன்தான் என்று ஊரறியச் சொல்லி வைத்திருந்தார். இவன் விழுந்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்துக் கிடந்தார். கிளம்பும்போது அவளைத் தனியாகக் கூப்பிட்டு, சில்லுக் கருப்பட்டி வாங்கி வரச் சொன்னார். நேற்றே வாங்கிப் பையில் வைத்திருக்கிறாள். அதை நினைத்ததும் அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது. வாயைப் பொத்தி அதை உள்ளேயே அமுக்கினாள்.

அழுகைக்கு முன்னால் அவளுக்கு வந்தது கணக்கு. அதற்காகப் பிற்பாடு அவள் தன்னைத் திட்டிக்கொள்ளலாம். பங்காளி வீட்டுச் சாவு. பதினாறு கழிகிற வரை கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. கொள்ளி வைக்கிறவனுக்கு அது கூடப் போதாது, வருசம் திரும்பினால்தான் நேர்த்திக்கடன். வருசம் திரும்பி இங்கே வந்து என்ன செய்ய? ஆஸ்பத்திரிப் பெண் சொன்ன கெடு அதற்குள் முடிந்துவிடும். இன்னும் ஒரு மணி நேரம் அந்தப் பாழாய்ப்போன போன் அடிக்காமல் கிடந்திருந்தால் என்ன? அசோக்குமார் மேல் கோபம் வந்தது. செத்த மனிதர் மேலேயே கோபம் வந்தது. ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மாமா என்று மனசுக்குள் கேட்டே விட்டாள்.

அப்போதுதான் பட்டாளத்திலிருந்த ஒன்றுவிட்ட அண்ணன் ஞாபகம் வந்தது. அவனுடைய அம்மா செத்த சேதி பனிமலையில் இருந்தவனுக்கு வெகுநாள் கழித்துத்தான் போனது. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, அவன் காதில் விழுந்த நாளிலிருந்துதான் அவனுக்குத் தீட்டு என்று முடித்தார்கள். காதில் விழாத வரைக்கும் சாவு இல்லை. அப்படியானால் மணலில் உட்கார்ந்திருக்கிற இவருக்கு இன்னும் தீட்டு இல்லை. சொல்லாவிட்டால் போதும். சன்னதிக்குப் போய் வரட்டும், வந்ததும் காலில் விழுந்து சொல்லிக்கொள்ளலாம்.

திரும்பி ஓரடி வைத்தவள் அப்படியே நின்றாள். தீட்டு அவளுக்கு வந்துவிட்டதே. அவள் காதில் விழுந்துவிட்டதே. அவள் அவனைத் தொட்டால் அவனுக்கும் ஒட்டும். தொடாமல் எப்படி மணலிலிருந்து எழுப்புவது? எப்படி நடத்திக்கொண்டு போவது? பதினொரு மாதமாக அவன் எழுந்தது, நடந்தது, கக்கூஸ் போனது எல்லாம் இந்தத் தோளைப் பிடித்துத்தான்.

விறுவிறுவென்று கடலுக்குள் இறங்கி, தலை நனைய முங்கினாள். தண்ணீருக்குள்ளே வாயைத் திறந்து ஒரு மூச்சு அழுதாள். உப்பு வாய்க்குள் ஏறியது. முங்கினால் போகிற தீட்டு இல்லை என்பது தெரியும். முகத்தில் தண்ணீர் வடிந்தால் அவனுக்கு வித்தியாசம் தெரியாது, அவ்வளவுதான்.

அவள் வந்ததும் அவன் வழக்கம் போல இடது கையை நீட்டினான். அவள் பிடிக்கவில்லை.

"நீங்களா எந்திரிங்க" என்றாள்.

அவன் சிரித்தான், ஒரு பக்கமாக. விளையாடுகிறாள் என்று நினைத்தான். கை நீட்டியபடியே இருந்தது. அவள் இரண்டடி பின்னால் போனதும் சிரிப்பு நின்றது. கம்பை இழுத்து ஊன்றிப் பார்த்தான். நாலு காலும் மணலுக்குள் போனது. வலது காலை இடது கையால் தோண்டி எடுத்தான். புரண்டு படுத்து, முழங்கையை ஊன்றி இழுத்தான். வேட்டி அவிழ்ந்தது. பிள்ளைகள் விளையாட்டை விட்டுவிட்டுப் பார்த்தன. தாமரைச்செல்வி தன் இரண்டு கையையும் கக்கத்துக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். விட்டால் அதுகளே ஓடிப் போய்ப் பிடித்துவிடும் என்று பயமாக இருந்தது.

ஜெயக்கொடி டீ கேனை வைத்துவிட்டு வந்தாள். "என்னளா பாத்துக்கிட்டு நிக்கே? புடிச்சுத் தூக்கிவிடு."

"அவரே எந்திரிப்பாருக்கா. விடுங்க."

"நல்லாருக்குளா ஒன் நியாயம்" என்று ஜெயக்கொடியே குனிந்து அவன் கக்கத்தில் கை கொடுத்தாள். அவன் அந்தக் கையை உதறினான். அவன் பார்வை பொண்டாட்டி மேலேயே இருந்தது. நாக்கைத் திரட்டி, ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான்.

"செல்வி. சலிச்சுப்... போச்சா?"

இதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். இல்லை என்று சொல்லியிருந்தால் மறுபடி கை நீட்டுவான். ஏன் என்று கேட்பான். அவன் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்ல அவளுக்கு வராது, இரண்டாவது கேள்வியிலேயே பெரியப்பா வெளியே வந்துவிடுவார். அவளுக்குக் கோபப்படத் தெரியும், அது மட்டும்தான் கைவசம் இருந்தது.

"ஆமா" என்றாள். "சலிச்சுத்தான் போச்சு. எம்புட்டு நாளைக்கு நானே தூக்கிச் சொமக்குறது? கோயிலுக்கு நீங்களா போறதுன்னா போங்க. இல்லன்னா இங்கனயே கெடங்க."

ஜெயக்கொடி கன்னத்தில் அடி வாங்கினவள் போல அவளைப் பார்த்தாள். பிறகு தரையில் துப்பிவிட்டு டீ கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அழகுபாண்டி அலை வந்து இறுகிய மணல் வரைக்கும் பிருட்டத்தாலேயே நகர்ந்து போனான். அங்கே கம்பு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, கம்பைப் பற்றி, முட்டி போட்டு, சரிந்து, மறுபடி முட்டி போட்டு எழுந்தான். எழுந்ததும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேட்டியின் ஒரு முனையைப் பல்லில் கடித்து ஒற்றைக் கையால் சுற்றிச் செருகினான். நாழிக்கிணற்றுப் பக்கம் போகவே இல்லை. உப்போடும் மணலோடும் கோயிலைப் பார்த்து நடந்தான். கம்பை முன்னால் வைத்து, இடது காலை எடுத்து வைத்து, வலது காலை இழுத்துக்கொண்டு. அவள் நாலு ஆள் தூரத்தில் பின்னால் போனாள். எதிரே வந்தவர்கள் அவனுக்கு வழி விட்டார்கள். ஒரு இடத்தில் சாய்ந்துவிட்டான் என்றே நினைத்தாள். அவன் ஒரு தூணில் தோளை முட்டுக் கொடுத்து நின்று மூச்சு வாங்கிவிட்டு மறுபடி நடந்தான்.

முடியாதவர்களுக்கான தனி வழியில் நின்றிருந்த காவலாளி, "கூட யாரும் வரலியா?" என்று கேட்டது அவளுக்கும் கேட்டது. அவன் இல்லை என்று தலையாட்டினான். மண்டபத்து நிழல் தொடங்குகிற இடத்தில் அவள் நின்றுகொண்டாள். அதற்கு மேல் அவள் கால் போகக் கூடாது. கூட்டம் அவனை மூடியது. கோபுரத்தைக் கூட அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கும்பிட்டால் அதுவும் குற்றமாகிவிடுமோ என்று இருந்தது. அவரைக் கீழே போட்டுடாதே என்று யாரைப் பார்த்து என்றில்லாமல் சொல்லிக்கொண்டாள்.

போன் அடித்தது.

"மதினி, வண்டி ஏறிட்டீங்களா?"

"ஏறப் போறோம்."

"அண்ணங்கிட்ட சொல்லிட்டீங்கள்ல? எப்பிடி இருக்காரு?"

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"ஊரே அவருக்காக உக்காந்திருக்கு மதினி. வெரசா வாங்க. பெரியப்பாவ ஐஸ் பெட்டில வச்சிருக்கு, பாக்கவே முடியல" என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. அவள் வைத்துவிட்டாள். மாமா, இன்னும் கொஞ்ச நேரம், உங்க பிள்ளைக்காகத்தானே என்று முணுமுணுத்தாள். ஈரச் சேலை உடம்பிலேயே காய்ந்து உப்புப் பூத்திருந்தது. ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற அந்த மனிதர் இதைக் கேட்டால் சரி என்பாரா, செருப்பால் அடிப்பாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. உள்ளே போனவன் விழுந்து கிடக்கிறானோ என்று வெளியே வருகிற ஒவ்வொரு முகத்திலும் சேதி தேடினாள். வயசுப்பிள்ளைகள் செல்பி எடுத்தார்கள். மொட்டையடித்த குழந்தை ஒன்று சந்தனத் தலையோடு அவளைப் பார்த்துச் சிரித்தது.

அவன் வந்தான்.

நெற்றி நிறைய விபூதி. முகத்தில் வேர்வை ஒழுகிக்கொண்டிருந்தது. கம்பு, இடது கால், வலது கால். வலது கால் இழுபடத்தான் செய்தது, கடற்கரையில் இழுபட்டதை விடக் குறைவாகவா என்று அவளால் சொல்ல முடியவில்லை. மடங்கியே கிடக்கும் வலது கைக்குள் யாரோ பன்னீர் இலை விபூதியைச் செருகிவிட்டிருந்தார்கள். நேராக அவள் முன்னால் வந்து நின்றான். கண்ணில் கோபம் இருக்கும், அதைத் தாங்கிக்கொள்ளலாம் என்று அவள் தயாராக இருந்தாள். கோபம் இல்லை.

"எனக்குன்னு... கேக்கல" என்றான். மூச்சு வாங்கியது. "ஒனக்கு... சலிக்கக் கூடாதுன்னு... கேட்டேன்."

அவள் வாயைத் திறந்தாள். பெரிய மாமா என்று தொடங்க வேண்டும். இடுப்பில் போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது.

அவன் கம்பை விட்டான். நாலு காலில் அது தானாக நின்றது. காலியான இடது கையால் இலையைத் தொட்டு, விரலில் விபூதியை எடுத்து அவள் நெற்றியைப் பார்த்து நீட்டினான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி பின்னால் வைத்தாள். அவன் கை எட்டவில்லை. கம்பு பக்கத்தில் நிற்பதையே மறந்தவனாக, நீட்டிய விரலோடு, ஆடிக்கொண்டே, வலது காலைத் தரையிலிருந்து தூக்கினான்.