செவ்வாய்க்கிழமை கிளினிக்

மஜீட் முதலாளியின் கொப்பியில் சுஹறாவின் பேருக்கு எழுதிய கடன் இருநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது சதம். வாங்கியவன் அவள் புருசன் அப்துல் ஸமட். எண்பத்தோராம் ஆண்டு மாரிக்கு முன்னால் கூரைக்குத் தகரம் போட வாங்கினான். ஆனால் மருதமுனையில் முன்காசு கொடுப்பது நெய்கிற கைக்குத்தான். மில்லில் மூட்டை தூக்குகிறவனை நம்பி யார் கொடுப்பார்? அதனால் பெயர் அவளுடையதாயிற்று.

கிழமைக்கு எட்டுச் சாறன் நெய்ய வேண்டும். நாற்பது ரூபாய் கூலியில் இருபது கடனுக்குப் போய்விடும். புதன் விடிந்ததும் முதலாளியின் ஆள் வந்து சாறனை எடுத்துப்போவான். அதனால் செவ்வாய்க்கிழமை எந்தத் தறியும் ஓயாது.

பிள்ளைத்தாய்ச்சிகளுக்குக் கிளினிக் நடப்பதும் செவ்வாய்க்கிழமைதான்.

சுஹறாவுக்கு அது தலைப்பிள்ளை. ஐந்தாம் மாதம் ஒருமுறை போய்க் கிளினிக் காட் எடுத்து வந்தாள், திரிபோஷா சத்துமாவும் கொடுத்துவிட்டார்கள். பிறகு கடன் வந்தது. அதற்குப் பிறகு அவள் போகவில்லை.

எட்டாம் மாதத்தில் ஒருநாள், ஊரில் பிரசவம் பார்க்கும் மிட்வைப் மிஸ்ஸி சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு நேரே தறியடிக்கு வந்தார்.

"என்ன புள்ள, தறியா பெறப்போகுது, நீயா?"

சுஹறா சிரித்தாள். "இந்தப் பாவு முடியட்டும் மிஸ்ஸி, வாறன்."

"காலக் காட்டு."

மிஸ்ஸி விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, நிரம்பவில்லை.

அதே கொட்டிலில் அடுத்த தறியில் இருந்த அயல்வீட்டு நபீலா கையை நிறுத்தாமலே சொன்னாள்: "இதென்ன புதினம்? மிதிகட்டை மிதிக்கிற பொம்புளைக்குக் கால் வீங்கத்தானே செய்யும். என்ட காலயும் பாருங்க. எனக்கும் எட்டு மாசமா மிஸ்ஸி?"

எல்லோரும் சிரித்தார்கள். சாப்பிட வந்திருந்த ஸமட்டும் சிரித்தான். அங்கே எந்த வீட்டில்தான் வீங்காத கால் இருந்தது?

மிஸ்ஸி சிரிக்கவில்லை. படலையடிக்கு வந்து ஸமட்டைக் கூப்பிட்டார்.

"முகமும் ஊதியிருக்கு தம்பி. முகத்தால ஆரும் தறி மிதிக்கிறல்ல. வாற செவ்வாய் கட்டாயம் அனுப்புங்க, பிறசர் பாக்கோணும்."

திங்கட்கிழமை அஸர் தொழுதுவிட்டு ஸமட் முதலாளி வீட்டுக்குப் போனான். இந்தக் கிழமை இரண்டு சாறன் குறைந்தால் பொறுப்பீர்களா என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். கேற்றடியில் நிற்கும்போதே உள்ளேயிருந்து முதலாளியின் குரல் கேட்டது.

"காசு வாங்கக்குள்ள காக்கா எண்டுவானுகள், குடுக்கக்குள்ள காய்ச்சல் எண்டுவானுகள்!"

யாரைச் சொன்னாரோ; அவரைக் காக்கா, அண்ணன் என்று கூப்பிடாதவர் ஊரில் இல்லை. ஸமட்டுக்குத் தன் முகத்தில் சொன்ன மாதிரி இருந்தது. உள்ளே போகாமலே திரும்பி வந்தான்.

"நாளைக்கிக் கிளினிக்குக்குப் போகட்டா?" என்று சுஹறா கேட்டாள்.

"எத்தின கெடக்கு?"

"ரெண்டு."

"இந்தக் கிழமை மட்டும் முடிச்சிக் குடுத்திரு புள்ள. அடுத்த செவ்வாய் நானே கூட்டிப் போறன்."

"ஓம்" என்றாள். தலை இடிக்கிறது என்றும் சொன்னாள். அதை அவன் நூல் பார்த்த களைப்பு என்று எண்ணினான்.

வியாழக்கிழமை அவளுக்கு ஒரு நூல் இரண்டாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆவுக்குப் போயிருந்த நேரம், தறியில் இருந்தபடியே வலிப்பு வந்து விழுந்தாள். கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெண்பிள்ளை பிழைத்தது. சுஹறா பிழைக்கவில்லை.

சனிக்கிழமை பள்ளியில் ஜனாஸாவை முன்னால் வைத்து ஆண்கள் வரிசை கட்டினார்கள். தொழுகைக்கு முன், அதை நடத்தும் லெவ்வை வழக்கம்போல் கேட்டார்:

"மையித்து ஆருக்கும் கடன் குடுக்க இருந்தா வாரிசிட்டக் கேட்டு வாங்குங்க. இல்லாட்டி அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்க."

மூன்றாம் வரிசையில் மஜீட் முதலாளி கையைத் தூக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"அம்பத்திரண்டு ரூவா அம்பது சதம் மிச்சம். அல்லாஹ்வுக்காக ஹலாலாக்கிட்டன்."

"அது அவள்ர கடனில்ல காக்கா." ஸமட் முன்வரிசையிலிருந்து திரும்பினான். "நான் வாங்கின."

"ஆர்ர எண்டாலும் உட்டுட்டன் தம்பி. இப்பிடி எண்டு ஒரு சொல்லு வந்து சொல்லியிருக்கலாமே?"

ஸமட் ஜனாஸாவின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வேற ஆரும் இருக்கீங்களா?" என்று லெவ்வை கேட்டார்.

யாரும் இல்லை. கடன் அத்தோடு தீர்ந்தது. வரிசை நெருங்கி நின்றது, தொழுகை தொடங்கியது.