கூரைக்கடியில் ஒரு கடல்

கடற்படைத் தளபதி பிறந்த வீட்டிலிருந்து கடலுக்குப் போக ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்ய வேண்டும். அந்த வீட்டைக் காப்பாற்ற நிதி திரட்டிய டீச்சரம்மாவுக்கு அது தீராத தலைவலி. கடலே இல்லாத ஊரில் கடல்வீரர் கதையைச் சொன்னால் யார் பைக்குள் கை விடுவார்கள்?

கைகொடுத்தது ஓட்டைக் கூரைதான். தளபதி பிறந்த அறை சல்லடையாக ஒழுகியதால், டீச்சரம்மா அங்கங்கே பாத்திரம் வைத்திருந்தார். மழை விட்டு வெயில் அடித்ததும், பாத்திரத் தண்ணீரில் பட்ட வெளிச்சம் மேலே மரப்பலகைகளில் அலை அலையாக நெளிந்தது. அறையே மெல்ல மிதந்து எங்கோ போவதுபோல் இருந்தது. வீட்டைப் பார்க்க வந்தவர்கள் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார்கள். போகும்போது ஒருவர்கூட உண்டியலைத் தாண்டிப் போகவில்லை.

அந்தப் பணத்தில் கொத்தனார் கூரையைச் சரிசெய்தார். பாத்திரங்கள் பரணுக்குப் போயின. பலகை வெறும் பலகையானது. வந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். விரிசல் விட்ட சுவரைச் சரிசெய்வதற்கான நிதி நின்ற இடத்திலேயே நின்றது.

அடுத்த வாரம் சுவரை அளக்க வந்த கொத்தனார், அறை நடுவே தண்ணீர்ப் பாத்திரத்தைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார்.

"என்னம்மா, மறுபடியும் ஒழுகுதா? என் பேரு கெட்டுப்போயிடும்."

"உங்க வேலையில குத்தமில்ல. நான்தான் குழாயில பிடிச்சு வச்சேன். மேல பாருங்க."

அவர் பார்த்தார். அளவு நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். பிறகு குனிந்து, பாத்திரத்தை ஜன்னல் பக்கம் ஒரு சாண் நகர்த்தினார்.

"இங்க வச்சா அலை அந்த மூலை வரைக்கும் போகும்."