கெண்டை வாய்

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு படத்தைத் தோண்டியெடுத்து, குளிப்பாட்டிச் சிங்காரித்து, "பாருங்கள் என்ன அழகு" என்று ஊரைக் கூட்டினால் ஓனுமா கட்சுஜிக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? வட ஜப்பானில் ஹகோடாத்தே மீன் சந்தையில் நாற்பது வருஷம் கணவாய் மீன் ஏலம் கூவியவர் அவர். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் தொண்டை மட்டும் ஓய்வு பெறவில்லை. அந்தத் தொண்டையை அவர் இரண்டே காரியங்களுக்குச் செலவழித்தார். ஒன்று கணவாய், மற்றொன்று பாடகி மினாதோ ரெய்கோ. ரெய்கோவின் ரசிகர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். ரெய்கோ போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகியும் அந்தப் பதவியை அவர் விடவில்லை, கேட்கவும் ஆளில்லை.

படம் அந்த ரெய்கோவின் வாழ்க்கை வரலாறு. வந்த வேகத்தில் இரண்டே வாரத்தில் சுருண்டது. சுருளாமல் என்ன செய்யும்? ரெய்கோவின் அப்பா அழுகிற காட்சியில் ஒட்டுமீசை ஒரு பக்கம் பிய்ந்து காற்றில் ஆடுகிறது. ஹகோடாத்தேயில் பிறந்த அம்மா ஒசாகாக்காரி மாதிரி பேசுகிறாள். இதையெல்லாம் ஊரே சிரித்துவிட்டு மறந்திருக்கும். ஓனுமாதான் மறக்கவிடவில்லை. சங்கத்தின் செய்தி மடலில் அவர் எழுதிய விமர்சனத்தில் கதாநாயகி கிஷி அயானேயைப் பற்றி ஒரு பத்தி உண்டு.

"'கடைசிக் கப்பல்' பாட்டின் முதல் அடியைப் பாடிவிட்டு அம்மணிக்கு அடுத்த அடி மறந்துபோகிறது. குளத்தில் பொரிக்குக் காத்திருக்கும் கெண்டையைப் போல இரண்டு மூச்சு நேரம் வாயைத் திறந்துகொண்டு நிற்கிறாள். மறந்த வெட்கம்கூட இல்லாமல் பிறகு மோவாயை வேறு தூக்கிக்கொள்கிறாள்."

ஐம்பது பேர் படிக்கிற மடல் அது. ஆனால் அந்தக் கெண்டை எப்படியோ தொலைக்காட்சிக்கு நீந்திப் போய்விட்டது. கோமாளி நிகழ்ச்சிகளில் ஆளாளுக்கு வாயைத் திறந்து மூடிக் காட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடக் காட்டின. அயானேக்கு அதற்குப் பிறகு ஒரு நல்ல வேடம் கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் நடிப்பையே விட்டுவிட்டு, தெற்கே எங்கோ ஓர் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. "கெண்டை தண்ணிக்கே போய்ச் சேர்ந்துடுச்சு" என்று ஓனுமா அன்று சொன்னதைச் சங்கத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காரும் செரிஸாவா என்ற இருபத்தேழு வயதுப் பெண் அந்தப் படத்தை எந்த இணையதளத்திலோ பார்த்துவிட்டு, அது காலம் புரிந்துகொள்ளத் தவறிய காவியம் என்று நீளமாக எழுதிவிட்டாள். அதைப் படித்து ஒரு கும்பலே கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்குப் படத்தைத் திரையிடப் போகிறார்களாம். பார்க்கிறவர்கள் விளக்குக் குச்சி ஆட்டலாம், வாய்விட்டுக் கத்தலாம் என்ற ஆரவாரத் திரையிடல். சங்கத்துக்கும் அழைப்பு வந்தது.

ஓனுமா அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு மிகாமி ஹருயோவின் சலவைக் கடைக்குப் போனார். சங்கத்தின் நீல அங்கிகளைத் தைத்தவள் ஹருயோ. ரெய்கோவின் கச்சேரிகளில் முப்பது வருஷம் அவருக்குப் பக்கத்து இருக்கைக்காரி. அவரிடம் பயமில்லாத ஒரே உறுப்பினர்.

"கேளுங்க மிகாமி-சான். 'அந்த இரண்டு மூச்சு மௌனத்தில் ஒரு கலைஞரின் இருத்தலின் வெறுமை முழுவதும் ததும்புகிறது.' ததும்புதாம். பாட்டு மறந்து நின்னவளுக்கு வெறுமை ததும்பாம வேறென்ன ததும்பும்?"

ஹருயோ இஸ்திரியை நிறுத்தவில்லை. "நீங்க ஏன் தலைவரே இவ்வளவு கொதிக்கிறீங்க? பிடிச்சவங்க பார்த்துட்டுப் போறாங்க."

"பொய்யைப் பிடிச்சிருக்குன்னு சொன்னா சும்மா இருக்கணுமா?"

"அது பொய்யா இருந்தா நீங்க சிரிச்சிருப்பீங்க. ஒருவேளை அந்தப் பொண்ணு நல்லாத்தான் நடிச்சிருந்தான்னு ஆகிட்டா, அவ பொழப்பைக் கெடுத்தது யாருன்னு கேள்வி வரும். அதான் உங்களுக்குக் குடையுது."

அந்தப் படத்தை ஓனுமா ஏழு தடவை பார்த்திருந்தார். ஏழு தடவையும் தப்புகளைக் குறித்துக்கொள்ளத்தான் போனார், ஏழு தடவையும் கெண்டை கெண்டையாகத்தான் இருந்தது. அதை நாலு பேர் முன்னால் நிரூபித்துவிட்டு வருவதென்று கிளம்பினார். அங்கியையும் போட்டுக்கொண்டார், ஹருயோவையும் கூட்டிக்கொண்டார்.

மாடிமேல் இருக்கும் சின்னத் திரையரங்கு அது. நாற்பது பிள்ளைகள் நீல விளக்குகளோடு உட்கார்ந்திருந்தார்கள். படம் ஆரம்பித்ததும் ஓனுமாவுக்கு உள்ளூர ஒரே குஷி. ஒன்றும் தெரியாத கூட்டம். பிய்ந்த மீசைக்குக் கைதட்டுகிறார்கள். அம்மா பேசினால் "அம்மா, அம்மா" என்று கத்துகிறார்கள். முதல் பாட்டில், ரெய்கோவின் குரல் இறங்கி நடுங்குகிற இடத்தில், ஊசி விழுந்தால்கூடச் சங்கத்தார் முறைக்கிற இடத்தில், ஒரு தடியன் விசிலடித்தான்.

"பாத்தீங்களா? இதுங்கதான் மறுமதிப்பீடு பண்ணுதுங்க," என்றார் ஓனுமா.

"மெதுவா பேசுங்க, காது கேக்குது எனக்கு," என்றாள் ஹருயோ.

'கடைசிக் கப்பல்' வந்தது. செரிஸாவா எழுந்து திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். எல்லோரும் விளக்கை அணைத்தார்கள். காவியத்தின் புனிதமான இடமல்லவா, மூச்சுவிடக்கூடாது. ஓனுமாவுக்குச் சிரிப்பு முட்டியது. திரையில் அயானே மேடை விளிம்புக்கு வந்து நின்றாள். காலி அரங்கத்தில் எடுத்த காட்சி, இருட்டில் இருக்கைகள்கூடத் தெரியவில்லை.

"கடைசிக் கப்பலும் போயாச்சு... கரையில் யாராவது இருக்கீங்களா?"

வாயைத் திறந்தபடி நின்றாள்.

"இருக்கோம் ரெய்கோ."

அந்தச் சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்த பிறகுதான் அது தன் தொண்டையிலிருந்து போனது என்று ஓனுமாவுக்குத் தெரிந்தது. கத்தலாம் என்று சொன்ன இடம், போட்டிருந்தது சங்கத்து அங்கி, காதில் விழுந்தது அந்த அடி. தொண்டை யாரையும் கேட்கவில்லை. பக்கத்தில் ஹருயோவும் அதே நேரத்தில் கத்தியிருந்தாள்.

திரையில் அயானே மோவாயை இடப்பக்கம் லேசாகத் தூக்கினாள். கேட்டுவிட்டது என்கிற மாதிரி ஓரத்தில் ஒரு சிரிப்பு. பிறகு அடுத்த அடிக்குப் போனாள்.

அந்த மோவாய்த் தூக்கல் ஓனுமாவுடையது. முப்பது வருஷம் ஒவ்வொரு கச்சேரியிலும், மூன்றாவது வரிசை இடது கோடியில் இருந்து அவர் அதைக் கத்த, ரெய்கோ அந்தப் பக்கம் பார்த்து மோவாயைத் தூக்குவாள். அதற்காகத்தான் அவர் உயிரோடு இருந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

"தலைவரே," ஹருயோ அவர் கையைப் பிடித்துக் கிசுகிசுத்தாள். "அந்த இடத்துல நிறுத்தம் உண்டா என்ன? ரெக்கார்டுல கிடையாதே."

ரெக்கார்டில் கிடையாது. கச்சேரியில் மட்டும்தான் உண்டு. வாத்தியக்காரர்கள் இவர்களுக்காகத்தான் இரண்டு மூச்சு காத்திருந்திருக்கிறார்கள். கத்திக்கொண்டிருக்கிறவன் காதில் நிறுத்தம் எங்கே விழும்? முப்பது வருஷமும் அந்த இடத்தில் அவர் கேட்டது தன் குரலைத்தான். எந்தப் பழைய ஒளிநாடாவைத் தேடிப் பிடித்தாளோ, அந்தப் பெண் இவர்களுக்கு இடம் விட்டுக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். கூட்டத்தின் குரலைச் சேர்க்க மறந்தது முட்டாள் இயக்குநர். திட்டு வாங்கியது அவள். இவரோ சினிமாக் கொட்டகையில் சத்தம் போடக்கூடாது என்ற மரியாதையில் ஏழு தடவை உதட்டை இறுக்கிக்கொண்டு அவள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

படம் நின்றது. விளக்குகள் எரிந்தன. செரிஸாவா ஓடிவந்தாள்.

"ஐயா, நீங்க இப்ப என்ன கத்துனீங்க?"

ஹருயோ முந்திக்கொண்டு சொன்னாள். "அவங்க கேப்பாங்க, நாங்க பதில் சொல்வோம். எப்பவும் அப்படித்தான்."

"அப்போ அந்த மௌனம்..."

"மௌனமும் இல்ல, வெறுமையும் இல்லம்மா. எங்க முறை."

நாலு பக்கக் கட்டுரை சரிந்த துக்கம் செரிஸாவாவின் முகத்தில் மூன்று விநாடிகூட நிற்கவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் லாபம்தான். "அப்படின்னா இது இன்னும் பெரிய நடிப்புல்ல," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். விசிலடித்த தடியன் வெள்ளந்தியாகக் கேட்டான்: "அப்போ இதைப் போய்க் கெண்டைன்னு எழுதினது எந்த மடையன்?"

ஹருயோ குனிந்து தன் காலணியைப் பார்த்தாள். சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான்," என்றார் ஓனுமா.

ஒருவரும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் அவர் பதிலுக்குத் திட்டியிருப்பார், அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. செரிஸாவா ரொம்பப் பணிவாகக் குனிந்து, "பாட்டை மறுபடி போடுறோம். நீங்க ஆரம்பிங்க ஐயா, நாங்களும் சேர்ந்து கத்துறோம்," என்றாள். நாற்பது பிள்ளைகளும் இருக்கையில் திரும்பி அவரையே பார்த்தார்கள்.

அரங்கம் இருண்டது. அயானே மறுபடி மேடை விளிம்புக்கு வந்தாள். இருபத்து மூன்று வயதிருக்கும் அப்போது அவளுக்கு. இதை அவர் ஏழு தடவையும் கவனிக்கவில்லை.

"கரையில் யாராவது இருக்கீங்களா?"

நாற்பது பேரும் அவருக்காகக் காத்திருந்தார்கள். ஓனுமா வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மூடினார், மறுபடி திறந்தார். கணவாய்ச் சந்தையையே கிடுகிடுக்க வைத்த தொண்டையில் காற்றுகூட இல்லை. இரண்டு மூச்சு நேரம் அப்படியே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

திரையில் அவள் மூன்றாவது வரிசை இடது கோடியைப் பார்த்து, எப்போதும் போல, மோவாயைத் தூக்கினாள்.