நாவப்பழ நிறம்

ஐஸ் பெட்டியின் கண்ணாடி மேல் சாய்ந்து அழுதுகொண்டிருந்தபோதுதான் வேணி அதைப் பார்த்தாள். கூடத்தில் இருந்த ஒரே பவர் பிளக்கில் ஐஸ் பெட்டியின் ஒயர் செருகியிருந்தது. அங்கே இருக்க வேண்டிய ஃபிரிட்ஜ் ஒயர் தரையில் கிடந்தது.

அழுகை அப்படியே நின்றுவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இத யாரு புடுங்கினது?" என்றாள்.

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் ஒப்பாரியைப் பாதியில் விட்டார்கள். நாத்தனார் உண்ணாமலைதான் வாயைத் திறந்தாள். "நாந்தான். நேத்து சாயங்காலம் பெட்டிக்காரன் பெரிய பிளக்கு வேணும்னான். உள்ள என்ன கெடந்துச்சு, தயிரும் மாவும்தான. சாவு வூட்டுல பழசு வெக்கக் கூடாதுன்னு அதையும் கொல்லையில கொட்டிட்டேன்."

"மேல ஒரு பிளாஸ்டிக் தட்டு இருந்துச்சே அண்ணி."

"அது தம்பி சாமான். அதுல நான் கை வெப்பேனா?"

வேணிக்குப் பாதி உயிர் வந்தது. கொட்டவில்லை, சரி. ஆனால் நேற்று சாயங்காலத்திலிருந்து குளிர் இல்லை. குளிர் இல்லையென்றால் அது கெட்டுப்போகும் என்று பெட்டிக்குள் படுத்திருக்கும் மனுஷன் காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வெளியில் வைத்துவிட்டார்கள் என்று லேபில் அவர் போட்ட சத்தத்துக்கு அழுத பிள்ளைகள் உண்டு.

அவள் புருஷன் காசிநாதனுடையது, இந்த ஜெயங்கொண்டத்தில் முந்திரி உடைக்கிற குடும்பம். தோலில் இருக்கிற எண்ணெய் பட்டால் கை வெந்துபோகும். உண்ணாமலையின் விரல்கள் கருத்துத் தோலுரிந்து கிடப்பது அதனால்தான். அந்தத் தோலைக் கொட்டும் குப்பைமேட்டு மண்ணில் ஒரு கிருமி, அந்த எண்ணெயையே தின்று பிழைக்கிறது. அதன் நொதி எண்ணெயை எப்படிக் கவ்வி எந்த இடத்தில் வெட்டுகிறது என்பதுதான் அவர் ஆராய்ச்சி, வேலை, பைத்தியம் எல்லாம். நொதியைப் படிகமாக்கி எக்ஸ்ரே அடித்தால் உருவம் தெரிந்துவிடும். வெறும் வாயோடு இருந்த நொதியை அவர் எப்போதோ பிடித்துப் பேரும் வாங்கிவிட்டார். கவ்விய வாயோடு ஒன்றுகூட வரவில்லை. அதற்காக, எண்ணெய் மாதிரியே இருந்தும் வெட்டுப்படாத ஒரு சரக்கைச் செய்து நொதியோடு கலந்து, தட்டில் துளித்துளியாக விட்டு, குளிரில் வைத்துக்கொண்டே இருந்தார். காலி வாய் என்றால் படிகம் செங்கல் நிறம், கவ்வியிருந்தால் நாவப்பழ நிறம் என்று கல்யாணமான புதிதில் வேணியிடம் சொன்னார். நாவப்பழத்தை அவள் மரத்தில் மட்டும்தான் பார்த்திருந்தாள்.

உடம்பு விழுந்த பிறகு, அவரிடம் படித்த சுகன்யா பெரம்பலூர் காலேஜ் லேபிலிருந்து ஒரு தட்டையும் மைக்ராஸ்கோப்பையும் இங்கேயே கொண்டுவந்து வைத்தாள். அவரால் மைக்ராஸ்கோப்பில் குனிய முடியாது. தினமும் வேணி பார்த்துச் சொல்லுவாள். நேற்றுக் காலையிலும் கேட்டார்.

"ஒண்ணும் இல்லங்க. எல்லாத் துளியும் தண்ணி மாதிரிதான் இருக்கு."

"இருக்கட்டும். நாளைக்குப் பாரு" என்றார். மதியம் போய்விட்டார்.

அவர் சொன்ன நாளை இதுதான். வேணி முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க எந்திரிக்கற? பொறந்த வூட்டுக் கோடிச்சேல வர்ற நேரம்" என்றாள் உண்ணாமலை.

"தலை சுத்துது அண்ணி. செத்த உள்ள இருந்துட்டு வரேன்."

வாசலோரம் கண் வீங்கி நின்ற சுகன்யாவைத் தலையாட்டிக் கூப்பிட்டாள். ஃபிரிட்ஜைத் திறந்தாள். உள்ளே வெயிலில் நின்ற பஸ் மாதிரி புழுங்கியது. தட்டை இரண்டு கையாலும் ஏந்தி, அவர் அறைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

மைக்ராஸ்கோப்பில் முதல் துளி கஞ்சி மாதிரி திரிந்து கிடந்தது. அடுத்ததும் அப்படித்தான். "கெட்டுப்போச்சு சுகன்யா. அவரு கண்ண மூடி ஒரு நாள்கூட ஆவல, அதுக்குள்ள பாழாக்கிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே தட்டை நகர்த்தினாள். கடைசி வரிசை வந்தது.

அந்தத் துளியில் ஓரங்கள் இருந்தன. கத்தரியால் நறுக்கிய மாதிரி நேர் நேரான ஓரங்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பப் பார்த்தாள். அப்படியேதான் இருந்தது.

"சுகன்யா, இது உப்பா?"

"தள்ளுங்கம்மா."

சுகன்யா குனிந்தவள் நிமிரவே இல்லை. வெளியே தப்பு அடிக்க ஆரம்பித்திருந்தார்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

"சொல்லேன்டி."

"உப்புல ஏதும்மா கலரு?" சுகன்யா கண்ணை எடுக்காமலேயே சொன்னாள். "நாவப்பழம்மா. கவ்விருக்கு. சார் சொன்ன மாதிரியே கவ்விருக்கு."

வேணி அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் பார்த்தாள். இப்போது நிறம் தெரிந்தது. சின்னதாக, கருநீலத்தில் சிவப்பு ஓடி, மரத்தில் பார்த்த அதே நிறம்.

"இத்தன வருஷமும் நாமதாம்மா குளிர வெச்சே வரவிடாமப் பண்ணிருக்கோம். ஜெயங்கொண்டத்து வெயில்ல கெடந்த கிருமியோட நொதி இது. மெதுவாச் சூடு ஏறவும் வந்துடுச்சு" என்று சுகன்யா சொல்லிக்கொண்டே போனாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

வேணிக்குச் சிரிப்புதான் வந்தது. மானம் போகிற மாதிரி பொங்கிக்கொண்டு வந்தது. காலமெல்லாம் குளிர் குளிர் என்று ஊரைத் திட்டினவர் படுத்திருக்கிறார், அவர் அக்கா ஒயரைப் பிடுங்கினதும் வந்து நிற்கிறது. அவர் மட்டும் இருந்திருந்தால் அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்திருப்பார். வேணி முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கதவு திறந்தது. உண்ணாமலை. "அழுடி. அடக்காத. அழுதுரு" என்று இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தத் தோளில் முகத்தைப் புதைத்து வேணி கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு நிஜமாகவே அழுகை வந்தது, சிரிப்பும் போகவில்லை. எது அழுகை, எது சிரிப்பு என்று பிரிக்க அவளால் முடியவில்லை. சாவு வீட்டில் சந்தோஷமாக இருக்கிறது என்று யாரிடம் சொல்வது?

"மொகத்தக் கழுவிட்டு வா. மூணு மணிக்குத் தூக்கிருவாங்க" என்று உண்ணாமலை போனாள்.

சுகன்யா அவசரமாகப் பேசினாள். இதைத் திரவ நைட்ரஜனில் முக்கி ஒரே நொடியில் உறையவைத்தால்தான் எக்ஸ்ரே வரைக்கும் நிற்கும். நைட்ரஜன் கேனும் சாமானும் பெரம்பலூரில் இருக்கின்றன. சிமெண்ட் லாரிகள் ஓடுகிற ரோட்டில் தட்டைக் கொண்டுபோனால் குலுக்கலில் உடைந்துவிடும். போய் எடுத்துவர வேண்டும், வர இருட்டிவிடும்.

"சாரத் தூக்குறப்ப நான் இருக்க மாட்டேனேம்மா."

"இருந்து என்ன பண்ணப் போற? நீ இருந்தா அவருதான் திட்டுவாரு. கெளம்பு."

"சூடு மாறக் கூடாதும்மா. ஃபிரிட்ஜுக்குள்ளயே அப்படியே இருக்கட்டும். திரும்ப மெதுவாக் குளுந்தா கரைஞ்சுடும். யாரையும் தொட விடாதீங்க."

"நான் பாத்துக்கறேன். போ."

தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேணி கூடத்துக்கு வந்தாள். கோடி போட வந்தவர்கள் காத்திருந்தார்கள். அதற்கு முன்னால் பெட்டியின் மேல் குனிந்து, கண்ணாடியில் வாயை ஒட்டினாற்போல் வைத்தாள்.

"வந்துடுச்சுங்க. நீங்க சொன்ன கலருதான்."

பக்கத்தில் இருந்த கிழவி ஒருத்தி அதைக் கேட்டு, கோடியைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து ஓவென்று அழுதாள்.

மூன்று மணிக்குப் பெட்டியைத் திறந்தார்கள். குளிப்பாட்டி, மாலை போட்டுப் பாடையில் வைத்தார்கள். மகன் அரவிந்தன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நின்றான். பெண்கள் வாசல் வரைக்கும்தான் போகலாம். வேணி அவர் காலைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். பெட்டிக்காரன் உள்ளே போய் ஒயரை உருவிச் சுருட்டுவது ஓரக்கண்ணில் பட்டது. அவன் பின்னாலேயே உண்ணாமலை குனிந்து எதையோ எடுத்தாள்.

வேணி காலை விட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

"வேணி, தூக்கறாங்க. கடைசியா ஒருதரம் மொகத்தப் பாத்துக்க" என்று வாசலிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

உண்ணாமலை ஃபிரிட்ஜ் ஒயரோடு சுவர்ப்பக்கம் நின்றாள். "நேத்து நான் புடுங்கினதுக்குத்தான மனசு கஷ்டப்பட்ட. மாட்டிடறேன்" என்று பிளக்கை நீட்டினாள்.

வேணி உள்ளங்கையால் சுவரில் இருந்த அந்த ஓட்டைகளைப் பொத்தினாள். "வேணாம் அண்ணி. நீங்க புடுங்கினதுதான் சரி. அப்படியே இருக்கட்டும்."

உண்ணாமலையின் கருத்த விரல்கள் ஒயரோடு அந்தரத்தில் நின்றன. வேணி நின்ற இடத்திலிருந்து வாசல் வழியாகப் பாடையின் பூ மட்டும் ஆடிக்கொண்டு நகர்வது தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. தப்புச் சத்தம் முந்திரித் தோப்புப் பக்கம் திரும்பித் தேய்ந்துபோகும்வரை அவள் சுவரிலிருந்து கையை எடுக்கவில்லை.