கல்லு வந்தாச்சு

"அப்ப இதுல மீனே கிடையாதா?"

"கிடையாது அத்தை."

"பின்ன எதுக்கு லைட்டு எரியுது?"

"அது... கல்லுக்கு."

அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு அழுது வீங்கிய கண்களோடு தொட்டிக்கு முன் குனிந்தாள். இரண்டு விரல் உயரத்துக்கு மணல், அதன் மேல் தீய்ந்துபோன ரொட்டி மாதிரி உடம்பெல்லாம் ஓட்டையாக ஒரு கல், மூலையில் குளுக் குளுக்கென்று சத்தம் போடும் குட்டி மோட்டார். மொத்தத் தொட்டியும் ஒரு பயணப்பெட்டி அளவுகூட இல்லை.

"என் தம்பி ரிட்டயர் ஆகி, வீட்ல உக்காந்து கல்லு வளர்த்தானா?"

காலையிலிருந்து ஒன்பதாவது முறையாக அவள் இதற்குப் பதில் சொல்கிறாள். முன்னறையில் நீள பெஞ்சில் அப்பா படுத்திருந்தார். அவர் தலைமாட்டிலிருந்து இரண்டடி தள்ளித் தொட்டி. பூ வைக்க வந்தவர்கள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள், அழுதார்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு தொட்டியைப் பார்த்தார்கள். அப்புறம் அவளிடம் வந்தார்கள். துக்கம் விசாரிக்க ஒரு வாக்கியம், தொட்டியை விசாரிக்க நான்கு.

"அந்த ப்ளக்கைப் பிடுங்கிட்டு ஃபேனைப் போடு. சனம் வேர்த்துக் கொட்டுது" என்றாள் அத்தை.

"அதை மட்டும் தொடாதீங்க."

சொன்ன வேகம் அவளுக்கே அதிர்ச்சியாக இருந்தது. ஐந்து வாரமாக அந்த ப்ளக்கைப் பிடுங்கி எறிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான்.

அப்பா முப்பத்தொரு வருடம் எடைமேடையில் வேலை பார்த்தவர். லாரி ஏறி நிற்கும், முள் ஆடி அடங்கும், அவர் எண்ணைச் சொல்வார். ஓய்வு பெற்றபின் எடை பார்க்க எதுவும் இல்லாமல் வீட்டில் எல்லோரையும் பாடாய்ப் படுத்தினார். பிறகு எங்கிருந்தோ இந்தக் கடல் தொட்டிப் பைத்தியம் பிடித்தது. கடல் உப்புத் தூள், உப்பு அளக்கும் கருவி, சொட்டு சொட்டாக விட்டுப் பார்க்கும் மருந்து பாட்டில்கள். தண்ணீர் வற்றியதென்று தினமும் உப்புத் தண்ணீரையே ஊற்றி நிரப்பினார். கருவியில் எண் ஏறிக்கொண்டே போனது. "கருவி பொய் சொல்லுது" என்று தொட்டி விற்ற கடைக்காரரிடம் சண்டைக்குப் போனார். "தண்ணிதான் சார் ஆவியாகும், உப்பு எங்கயும் போகாது. நல்ல தண்ணி ஊத்துங்க" என்று அவர் சொன்னதற்கு இரண்டு நாள் அவமானப்பட்டுப் பேசாமல் இருந்தார்.

அதன் பிறகு நிற அட்டை. மருந்து விட்ட தண்ணீர் மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையாக இருந்தால் விஷம். அப்பாவுக்கு மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுதான். அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குச் சரியாகச் சாப்பாட்டு நேரத்தில் வீடியோ அழைப்பு வரும். திரை முழுக்க ஒரு கண்ணாடிக் குப்பி.

"இது மஞ்சளா, பச்சையா?"

"அப்பா, சாப்பிடுறேன்."

"ஊருக்கெல்லாம் கண்ணு பாக்கிறே. அப்பனுக்கு ஒரு கலர் சொல்ல மாட்டியா?"

எல்லாவற்றுக்கும் முன்னால் நடந்தது அந்தக் கல் விவகாரம். ஒரு நாள் காலை ஃபோனில், மூச்சிரைக்க, "கல்லு வந்தாச்சு" என்றார். அவருடைய அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து துடித்ததை அவள் பார்த்திருக்கிறாள். அரை நாள் விடுப்புப் போட்டு, இரண்டு பஸ் மாறி, வழியிலேயே ஸ்கேன் எடுக்க நேரம் வாங்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள். அப்பா ஈர செய்தித்தாளை விரித்துக் காட்டினார்.

"உயிருள்ள கல்லு. உள்ள கண்ணுக்குத் தெரியாத ஜீவன் கோடிக்கணக்கா இருக்கு. அதுங்கதான் தண்ணியைச் சுத்தம் பண்ணும். ஒரு மாசம் பொறுக்கணும். அப்புறம்தான் மீன்."

அன்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்து மூடியது. அம்மா சிரித்து சிரித்துப் புரையேறிப்போனாள். அதிலிருந்து வீட்டில் 'கல்லு' என்றால் கேலி. ஃபோனில் சௌக்கியம் கேட்பதற்குப் பதிலாக அவள், "கல்லு எப்படி இருக்கு?" என்பாள். "கல்லு கல்லாட்டம் இருக்கு" என்பார் அவர்.

நேற்று பன்னிரண்டு மணிக்கும் அப்பா கூப்பிட்டார். இந்த முறை வீடியோ இல்லை. எதிரில் ஒரு அம்மாள் மூன்றாவது முறையாகக் கண்ணாடிச் சட்டத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நெஞ்சுல கல்லை வச்ச மாதிரி இருக்கும்மா."

"கல்லைத் தொட்டியில வைங்கப்பா, நெஞ்சுல ஏன் வச்சுக்கிறீங்க? வேலையா இருக்கேன்."

அப்பா சிரித்தார். நல்ல பதில் வந்தால் சிரிக்கும் அதே சிரிப்பு. "சரி, சரி" என்று வைத்துவிட்டார். நாற்பத்தொரு நொடி என்று ஃபோன் சொன்னது. நேற்றிலிருந்து அந்த எண்ணை எத்தனை தடவை பார்த்துவிட்டாள். அம்மா தையல் கடையிலிருந்து இரண்டு மணிக்குச் சாப்பிட வந்தபோது, அவர் தொட்டிக்கு முன் நாற்காலியில் சாய்ந்தபடி இருந்திருக்கிறார். உடம்பு குளிர்ந்துபோயிருந்தது.

டாக்டர் கேட்டபோதும், அத்தை கேட்டபோதும், அம்மா கேட்டபோதும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள். "மத்தியானம் பேசினாரு. நல்லாத்தான் இருந்தாரு." ஒவ்வொரு முறையும் அது வாயில் இன்னும் வழவழப்பாக வந்தது.

நாலு மணிக்கு வண்டி. மூன்றாகப் பத்து நிமிடம் இருக்கும்போது வாசலில் நின்ற யாரோ உள்ளே குரல் கொடுத்தார்கள்.

"மீன்கடைக்காரர் வந்திருக்காரு!"

"இன்னைக்கு இந்த வீட்ல யாருடா மீன் கேட்டது?" என்று அத்தை எழுந்தேவிட்டாள்.

வளர்ப்பு மீன் கடைக்காரர் வாசற்படியில் நின்றார். நாற்பது வயது, முழங்கை வரை மடித்த சட்டை, கையில் காற்று அடைத்துக் கட்டிய பாலித்தீன் பை. பெஞ்சைப் பார்த்ததும் பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கட்டைவிரல் நீளத்தில் ஒரு ஆரஞ்சு மீன்.

"எனக்குத் தெரியாதுங்க. சார் இன்னைக்குத்தான் கொண்டு வரச் சொன்னாரு."

"என்னைக்குச் சொன்னாரு?" அம்மா கேட்டாள். காலையிலிருந்து அவள் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"நேத்துங்கம்மா. பன்னிரண்டே கால் இருக்கும். முந்தின நாளே மக கலர் பார்த்துச் சொன்னா, ரெண்டு டெஸ்ட்டும் சைபர் காட்டுது, தொட்டி ரெடின்னாரு. அவ்வளவு சந்தோஷம். ஆனா மூச்சு வாங்குச்சு. உடம்பு முடியலையா சார், யாரையாவது கூப்பிடுங்கன்னு சொன்னேன்." அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார், அவளைக் கண்டுகொண்டார். அப்பா கடையில் நின்று பேசிய வீடியோ அழைப்புகளில் அவர் அடிக்கடி பார்த்த முகம். "மககிட்ட இப்பத்தான் சொன்னேன்யா, அவ பார்த்துக்குவான்னாரு. சொல்லிட்டு சிரிச்சாரு."

மோட்டார் குளுக் குளுக்கென்றது.

அவள் அப்பாவின் பாதங்களைப் பார்த்தாள். சாக்ஸில் ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு. நேற்று மாட்டிவிட்டவள் அவள்தான். இப்போதுதான் கவனிக்கிறாள்.

"நான் இதைத் திருப்பி எடுத்துட்டுப் போயிடறேன்மா" என்றார் கடைக்காரர்.

"வேண்டாம்." அம்மா எழுந்து போய்ப் பையை வாங்கினாள். "இதை அப்படியே கொட்டலாமா?"

"கூடாதுங்க. பையோட மிதக்க விடணும். தண்ணிச் சூட்டுக்குப் பழகணும். கால் மணி நேரம்."

அம்மா ஐந்து வாரத்தில் ஒரு தடவைகூட அந்தத் தொட்டியைத் தொட்டதில்லை. மூடியை எந்தப் பக்கம் தூக்குவது என்று தெரியாமல் தடவினாள். கடைக்காரர் கை நீட்டினார்; அவளே தூக்கிவிட்டாள். பை தண்ணீரில் ஒருமுறை அமிழ்ந்து எழுந்து, கல்லுக்கு மேலாக மெல்லச் சுழன்றது. உள்ளே மீன் மட்டும் சுழலாமல் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அம்மா நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன் போட்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இன்னொன்றை இழுத்துப் போட்டாள்.

"உக்காரு."

அவள் உட்கார்ந்தாள்.

"கால் மணி நேரம் இருக்கு" என்றாள் அம்மா, பையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவரு உங்கிட்ட என்ன சொன்னாரோ, நீ என்ன சொன்னியோ, ஒரு வார்த்தை விடாம, பேசின மாதிரியே எனக்குச் சொல்லு."