வாசல்மணிக்குக் காவல்

"அப்பா குதிரைப்படை எண்டால், அவற்ற குதிரை எங்கை?" என்று மகள் றொஷினி ஒருமுறை கேட்டாள். கனடா இராணுவத்தின் அந்தப் படை குதிரைகளை விட்டுக் கவச வண்டிக்கு மாறிக் கனகாலம் என்று அக்னெஸ் சிரித்துக்கொண்டே சொன்னாள். இரண்டாயிரத்து ஏழில் அந்த வண்டியோடு அவள் கணவன் ஜெறோம் கந்தகார் போர்முனைக்குப் போனபிறகு வீட்டில் சிரிப்புக் குறைந்துவிட்டது.

இப்போது சில நாட்களாக அவனிடமிருந்து தொலைபேசி இல்லை. படைக்காரரின் மனைவிமாருக்கு அதன் பொருள் தெரியும். முகாமில் ஒருவன் இறந்தால், அவன் வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரும்வரை எல்லோருடைய தொடர்பையும் நிறுத்திவிடுவார்கள். அந்தச் செய்தி தொலைபேசியில் வராது. சீருடையில் இருவர் வந்து வாசல்மணியை அடிப்பார்கள். அன்று காலை விளம்பரத்தாள் போடுகிறவன் மணியை அடித்தபோது அக்னெஸ் சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மேல்வீட்டுக் கௌசலாவுக்கு றொஷினிதான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். மட்டக்களப்புக்காரி. ஊரில் தம்பியை இராணுவம் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து, எந்த நாட்டுச் சீருடையும் அவளுக்கு ஒன்றுதான். ஜெறோம் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஆண்டவர் காவலுக்கு ஆள் அனுப்பும்போது நாம் நினைத்தவரை அனுப்புவதில்லை. அவர்கள் குடியிருந்த செயின்ட்-மிஷேலின் அந்தக் குளிரில், கம்பளியைப் போர்த்துக்கொண்டு வாசற்படியில் வந்து குந்தியிருந்தவள் அவள்தான்.

அக்னெஸ் கதவைத் திறந்தாள். "என்னக்கா செய்யிறியள்? விறைச்சுப் போவியள்."

"நீ உள்ள போ புள்ள. மணியில கைவைக்க வாறவன் முதல்ல என்னோட கதைக்கட்டும். பீட்சாக்காரப் பொடியனத் துரத்திட்டன். பாவம், அவன் பக்கத்து வீட்டுக்கு வந்தவன்."

அழுத கண்ணோடு அக்னெஸ் சிரித்தாள்.

"கிருபானந்தனுக்கு என்ன நடந்ததெண்டு இண்டைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லல்ல," என்றாள் கௌசலா, தெருவைப் பார்த்தபடி. "தம்பிக்காகக் காத்திருந்து எனக்குப் பழக்கம்தானே."

மத்தியானம் தொலைபேசி அடித்தது.

"அக்னெஸ், நான்தான். சாப்பிட்டனியே?"

அவளால் அழ மட்டுமே முடிந்தது. கௌசலா எட்டிப் பார்த்தாள். தலையை ஆட்டிவிட்டு, வேலைக்கு நேரமாகிறதென்று பஸ்சுக்கு ஓடினாள்.

மறுநாள் கோயிலில் ஒருவரும் இல்லை. எங்கோ ஒரு வீட்டின் மணி அடித்துத்தானிருக்கிறது. அந்த வீட்டுக்காரனுக்காக, இறந்தோருக்கு ஏற்றும் இடத்தில் அக்னெஸ் ஒரு மெழுகுதிரி ஏற்றினாள். மற்றத் திரி கிருபானந்தனுக்கு. அதையும் அங்கேயே வைக்கக் குனிந்தவள் கையைப் பின்னுக்கு எடுத்தாள். செத்துப்போனான் என்று யாரும் சொல்லவில்லையே. திரும்பி நடந்து, தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாரின் காலடியில் அதை வைத்தாள். சுடர் நிமிரும்வரை உள்ளங்கையால் அணைகட்டிக்கொண்டு நின்றாள்.