ஃபோர்க்கில் இரண்டு முளைகள்

வாத்தியாருக்கு வந்த வியாதி முதலில் சைக்கிள் பிரேக்கில்தான் தெரிந்தது. அதனால் அவர் மனைவி பிரேக்கைச் சரிசெய்தாள்.

அவள் சைக்கிள் பட்டறை நடத்துகிறவள். குழாய்களை அறுத்து, பித்தளை உருக்கிப் பற்றவைத்து, முழுச் சட்டத்தையும் தன் கையாலேயே செய்து கொடுப்பாள். ஊருக்கெல்லாம் அவள் மேஸ்திரி. வீட்டில் கணவருக்கும் மேஸ்திரிதான். பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்த அவரை அவளும் விடாமல் வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவாள். கல்யாணமான புதிதில் அவருக்கென்று அவள் செய்த பச்சை சைக்கிளில்தான் அவர் தினமும் பள்ளிக்குப் போய் வந்தார்.

"முன் பிரேக் பிடிக்கவே மாட்டேங்குது மேஸ்திரி. இன்னைக்குப் பள்ளிக்கூட கேட்டைக் கட்டிப்பிடிச்சுட்டுத்தான் நின்னேன்," என்று ஒரு சாயங்காலம் முழங்கையில் சிராய்ப்போடு வந்து நின்றார்.

அவள் கேபிளை மாற்றினாள். அடுத்த வாரமும் அதே புகார். பிரேக் கட்டைகளை மாற்றினாள், ஸ்பிரிங்கைத் தளர்த்தினாள், குழந்தைகள் சைக்கிளுக்குப் போடும் சின்ன லீவரைக்கூட மாட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் அவள் ஓட்டிப் பார்த்தபோது பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. "ஓட்டத் தெரியாம பிரேக் மேல பழி போடாதீங்க," என்று கேலி செய்தாள். பிறகு ஒரு காலை, அவர் கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானோடு வெகுநேரம் மல்லுக்கட்டுவதைப் பார்த்தாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

நரம்பு வியாதி. கையில் தொடங்கியிருக்கிறது, காலுக்கு வரும், பிறகு பேச்சுக்கும் மூச்சுக்கும். குணமாக்க மருந்து கிடையாது என்பதை டாக்டர் நிதானமாக, அவர்களுக்குப் புரிந்துவிட்டதா என்று பார்த்துப் பார்த்துச் சொன்னார். திரும்பும்போது பஸ்ஸில் வாத்தியார் வாய் திறந்தது ஒருமுறைதான்.

"பாவம், அந்த பிரேக்கை நீ என்ன பாடு படுத்தின!"

பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இறங்கும் இடம் வரும்வரை அவர் அவளைக் கூப்பிடவில்லை.

கால்கள் இன்னும் நன்றாகவே இருந்தன. அதனால் பெடலைப் பின்னால் மிதித்தால் நிற்கும் வகைச் சக்கரம் ஒன்றைக் கட்டி, சைக்கிளின் பின்பக்கம் பொருத்தினாள். இனி பிரேக் பிடிக்கக் கைக்கு வேலையில்லை. லீவர், கேபிள், பிரேக் கட்டை எல்லாவற்றையும் கழற்றி எடுத்தாள். பின் பிரேக் ஒரே போல்ட்டில் நின்றது, கழற்றியதும் தடம் தெரியவில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில்தான், இரண்டு பக்கமும், பிரேக் கைகளைத் தாங்குவதற்காக அவள் பற்றவைத்த இரும்பு முளைகள் விரல்கணு அளவில் துருத்திக்கொண்டு நின்றன. அவற்றை அப்படியே விட்டாள்.

சில நாள் கழித்து வாத்தியார் கேட்டார். "அந்த ரெண்டு முளையும் இனிமே எதுக்கு? எடுத்துடேன். தள்ளிக்கிட்டு போறப்ப பான்ட் மாட்டுது."

"இந்த வாரம் வேலை தலைக்கு மேல இருக்கு வாத்தியாரே."

அடுத்த முறை கேட்டபோது வேறு காரணம் சொன்னாள். "அதை எடுக்கணும்னா ஃபோர்க்கைச் சூடு காட்டணும். சூடு பட்டா குழாய் பலம் குறைஞ்சிடும். ஓடுறப்ப ஒடிஞ்சா மூக்கு முகமெல்லாம் போயிடும்."

இரும்பைப் பற்றி அவள் சொன்னால் அவருக்கு அது வேதவாக்கு. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

பட்டறையில் பெயின்ட் அடிப்பது அவளுடைய அண்ணன். தங்கமான மனுஷன், ஆனால் வாயில் எதுவும் தங்காது. ஒருநாள் அவள் வெளியே போயிருந்த நேரத்தில் வாத்தியார் அவரிடம், "சூடு காட்டாம இதை எடுக்க வழியே இல்லையா மச்சான்?" என்று கேட்டார்.

"சூடா? எதுக்கு சூடு மாப்பிள்ளை? ரம்பத்தால அறுத்துட்டு அரத்தால ராவினா ஆச்சு. ஒரு டீ குடிக்கற நேரம்."

சொன்ன பிறகுதான் வாத்தியாரின் முகத்தைப் பார்த்தார். பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்கு நழுவினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் அவருக்குச் சாப்பாடு ஊட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி அவர் விரலில் நிற்காமல் போய்ச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. இரண்டு பேருக்கும் அது இன்னும் பழகவில்லை. அவர் வாயை மூடிக்கொண்டார்.

"மச்சான் சொன்னார், சூடு வேண்டாமாம்."

அவள் கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"ஏன் பொய் சொன்ன?"

"கை சரியாயிட்டா திரும்ப பிரேக் மாட்ட வேண்டாமா?" என்றாள். குரல் சண்டைக்குப் போவதுபோல் எழும்பியது. "அறுத்துட்டா அப்புறம் எதுல மாட்டறது?"

"சரியாகாது மேஸ்திரி."

"டாக்டருங்க ஆயிரம் சொல்வாங்க."

"தினமும் சைக்கிளை எடுக்கறப்ப அந்த ரெண்டும் என்னைப் பார்க்குது," என்றார் அவர். "நீ வாய் திறந்து கேக்கறதில்ல. ஆனா அதுங்க கேக்குது, இன்னைக்குக் கை எப்படி இருக்கு, இன்னைக்கு எப்படி இருக்குன்னு. தினமும் உனக்கு இன்னும் சரியாகலன்னு சொல்லிட்டுத்தான் நான் பள்ளிக்கூடம் போறேன். அது என்னால முடியல. கை போனதைக்கூடத் தாங்கிக்கறேன், இதைத் தாங்க முடியல."

அவள் எழுந்து போய்க் குழாயடியில் நின்றாள். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. ஆறிப்போன சாப்பாட்டை மறுபடி சுடவைத்து, மிச்சத்தையும் ஊட்டினாள்.

மறுநாள் பள்ளி விட்டதும் அவர் நேராகப் பட்டறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். அவள் ஃபோர்க்கைக் கழற்றி, குழாய் நசுங்காமலிருக்க மரக்கட்டை அணைகொடுத்து, வைஸில் இறுக்கினாள். குழாயை ஒட்டி அறுக்கக் கூடாது. கொஞ்சம் உயரம் விட்டு அறுத்து, மீதியை அரத்தால் இறக்க வேண்டும். எத்தனையோ பேருக்குச் செய்த வேலைதான். ரம்பத்தை வைத்ததும் கை வழுக்கியது. பச்சை பெயின்ட்டில் நீளமாக ஒரு கீறல் விழுந்தது.

"என்ன மேஸ்திரி, புதுசா தொழிலுக்கு வந்த மாதிரி?" என்றார் அவர்.

"பேசாம இருங்க."

முதல் முளை அறுந்து தரையில் விழுந்தது. இரண்டாவதும் விழுந்தது. பிறகு அரத்தை எடுத்தாள். அடிக்கட்டை தேயத் தேய, அதைச் சுற்றி மஞ்சளாகப் பித்தளை தெரிந்தது, புதுமணப்பெண்ணாக இருந்தபோது அவள் உருக்கி ஊற்றியது. ஒரு குமிழி இல்லை, ஒரு ஊசித்துளை இல்லை. வருஷக்கணக்கில் மழையிலும் வெயிலிலும் நின்றும் எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்காகச் செய்கிறோம் என்று அன்றைக்கு எவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்திருந்தாளோ, அவ்வளவையும் இப்போது ராவ வேண்டியிருந்தது. அவள் ராவினாள். அரத்தின் பல்லில் பித்தளை அப்பிக்கொண்டது, தட்டிவிட்டு மறுபடி ராவினாள். இதற்குமேல் போனால் குழாய் மெலியும் என்ற இடத்தில் நிறுத்தி, உப்புத்தாளைச் சுற்றி இழுத்தாள். கடைசியில் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

"முடிஞ்சுது," என்றாள்.

"தேங்க்ஸ்," என்றார் வாத்தியார். அவர்களுக்குள் அந்த வார்த்தையைப் பேசுகிற வழக்கமே கிடையாது.

அண்ணன் அதே பச்சையைக் கலந்து, கீறலையும் சேர்த்து மறைத்து, ஃபோர்க் முழுவதும் அடித்துக் கொடுத்தார். அதற்குப் பின் வாத்தியார், ஹேண்டில்பாரில் உள்ளங்கைகளை ஊன்றிக்கொண்டே, வெயில்காலம் முழுக்க ஓட்டினார். சக ஆசிரியர்களிடம், "என் சைக்கிள் காலால நிக்கும், பார்த்திருக்கீங்களா?" என்று பெருமை பேசினாராம். பிறகு வியாதி கால்களுக்கும் வந்தது. பின்னால் மிதித்தும் நிற்காமல் போய் இரண்டு முறை விழுந்தார். இரண்டாவது முறை விழுந்தபோது அவரைத் தூக்கிவிட ஆள் வர நேரமாயிற்று. அவரே சொன்னார், "போதும், இதைப் பட்டறையில மாட்டிடு." அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை.

அதற்கு முன்னால், சைக்கிளைப் பட்டறையில் மாட்டிய அன்று அவரும் கூட இருந்தார். அண்ணன்தான் அவரைத் தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்தார். உச்சி வெயில் நேரம், கடையில் வேறு யாரும் இல்லை. அவள் ஏணியில் ஏறி, கொக்கியில் சைக்கிளைத் தொங்கவிட்டு இறங்கினாள். இறங்கியவள் ஏணியைப் பிடித்தபடியே நின்றாள். வியாதி வந்ததிலிருந்து அவர் எதிரில் அவள் அழுததில்லை. அன்றைக்கு அடக்க முடியவில்லை.

"இங்க வா," என்றார் அவர். பேச்சு ஏற்கனவே குழறத் தொடங்கியிருந்தது. "கிட்ட வா, மேஸ்திரி."

அவள் தரையில் உட்கார்ந்து அவர் மடியில் தலையை வைத்தாள். அவருடைய கைகள் தொடைக்கு இரண்டு பக்கமும் சும்மா கிடந்தன. வலது தோள் மட்டும் ஒருமுறை ஏறி இறங்கியது. கை அதோடு எழும்பவில்லை. அவருக்கு மூச்சு வாங்கியது.

அவளே அந்தக் கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். அது நழுவாமலிருக்க மேலே தன் கையை வைத்துப் பிடித்துக்கொண்டு, சத்தமாக அழுதாள்.

பின்கட்டிலிருந்து வந்த அண்ணன் வாசலிலேயே நின்றுவிட்டார். வெளியே போய், ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, வெயிலில் நின்றுகொண்டார். பங்க்சர் ஒட்ட வந்தவரிடம், "நாளைக்கு வாங்க," என்று சொல்லி அனுப்பினார்.